இருட்டுல யாருக்கு இந்தப் படம்? (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள அக்கா,

நான் மிலன்ல நாலு வருஷமா வேலை பாக்கறேன். போன மே மாசம் அம்மாவ ஊர்ல இருந்து கூட்டிட்டு வந்திருந்தேன். ரோம் எல்லாம் பாத்து முடிச்சப்புறம், ரோம் பெரிசாகறதுக்கு முன்னாடி இத்தாலியில வாழ்ந்த எட்ருஸ்கன்காரங்களோட ஓவியக் கல்லறைகள பத்தி நீங்க எப்பவோ ரெண்டு வரி எழுதினது ஞாபகம் வந்துச்சு, சரின்னு ட்ரெயின் புடிச்சு தர்க்வீனியா போனோம். உண்மைய சொல்லணும்னா எனக்கு ஏமாற்றம்தான். ஒவ்வொரு கல்லறைக்கும் செங்குத்தா படிக்கட்டு, கீழ போனா ஒரு கண்ணாடிக் கதவு, பட்டன அமுக்கினா உள்ள லைட் எரியுது, நாம கண்ண பழக்கறதுக்குள்ள அணைஞ்சிடுது, பின்னாடி ஸ்கூல் பசங்க கூட்டம் வேற. இவ்ளோ தூரம் வந்து கண்ணாடி வழியாதான் எட்டிப் பாக்கணுமா?

இன்னொண்ணு. பாத்த வரைக்கும் எல்லாத்துலயும் குடி, ஆட்டம், குழல் ஊதறது, மீன் பிடிக்கறது. செத்தவங்களுக்கு வரைஞ்ச ரூம்ல ஒருத்தர் கூட அழல. எட்ருஸ்கன்காரங்க சந்தோஷமான ஜனங்க, சாவுக்கு பயப்படல, அப்புறம் ரோம் அவங்கள அடக்கினப்பதான் பேய் பூதம்னு வரைய ஆரம்பிச்சாங்கன்னு நெட்ல படிச்சேன். அது நிஜமா?

கடைசியா, அம்மா முட்டி வலியோட ரெண்டு மூணு கல்லறை இறங்கி பாத்துட்டு வெளிய உக்காந்து ஒண்ணு கேட்டாங்க. "மூடிட்டு போயிடுவாங்கன்னு தெரியும்ல, அப்புறம் இருட்டுல யாரு பாக்க இத்தன அழகா வரைஞ்சான்?" எனக்கு பதில் சொல்லத் தெரியல.

பெயர் போட வேணாம்க்கா.

*

அன்புள்ள தம்பி,

மொதல்ல அம்மாவுக்கு என்னோட வணக்கம். உங்க கடிதத்துல மூணு கேள்வி இருக்கு, ஆனா மத்த ரெண்டும் அம்மா கேட்டதுக்குள்ளதான் அடங்குது, அதனால அங்கேருந்தே ஆரம்பிக்கறேன்.

நீங்க போன அந்தக் கல்லறைகள் இருக்கற தர்க்வீனியாவோட மொந்தெரோத்ஸி குன்றுக்கு நான் ரெண்டு தடவ போயிருக்கேன். ரோம்ல இருந்து வடமேற்கா சுமார் 90 கிலோமீட்டர், ஒரு பக்கம் தூரத்துல கடல் தெரியும், மேல பாத்தா புல்லும் காத்தும் மட்டும்தான், நடுநடுவுல படிக்கட்ட மூடி வெச்ச சின்னச் சின்ன கட்டடம். அந்தக் குன்றுக்கு கீழ சுமார் 6,000 கல்லறை இருக்குன்னு கணக்கு, அதுல ஓவியம் உள்ளது சுமார் 200. அதாவது நூத்துக்கு மூணு வீடுதான் இப்படி வரைய வெச்சிருக்கு, எல்லாம் பெரிய குடும்பங்க. 2004-ல யுனெஸ்கோ இதையும் இன்னொரு எட்ருஸ்கன் ஊரான செர்வேத்தெரியோட கல்லறைகளையும் சேத்து உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்சாங்க. இதெல்லாம் அங்க போர்டுலயே நீங்க படிச்சிருப்பீங்க.

ரெண்டாவது தடவ போனப்ப நான் ஒண்ணு செஞ்சேன். பெண் சிங்கங்களோட கல்லறைன்னு ஒண்ணு இருக்குல்ல, கி.மு. 520 வாக்குல வரைஞ்சது, அதுல இறங்கி பட்டன அமுக்காம அப்படியே நின்னேன். பின்னாடி யாரும் இல்ல. படிக்கட்டு வழியா வர்ற வெளிச்சத்துல கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒண்ணுமே தெரியல, வெறும் கறுப்பு, ஆனா அங்க ஒரு பொண்ணு ஆடிட்டு இருக்கான்னு எனக்குத் தெரியும், அவ 2,500 வருஷமா அந்தக் கறுப்புக்குள்ளதான் ஆடிட்டு இருக்கா, நான் லைட் போட்டாலும் போடலன்னாலும் அவளுக்கு அது ஒண்ணும் இல்ல. அப்ப எனக்கு புரிஞ்ச மாதிரி இருந்தத உங்க அம்மாவுக்கு சொல்றேன்: அது பாக்கறதுக்காக வரைஞ்ச படமே இல்ல. செத்தவங்க பக்கத்துல ஒரு கிண்ணம் வெப்பாங்க, ஒரு ஜாடி வெப்பாங்க, ஒரு நகை வெப்பாங்க இல்லையா, அது மாதிரி உள்ள வெச்ச ஒரு பொருள் அது. கிண்ணத்த யாரும் "இருட்டுல யாரு பாப்பா"ன்னு கேக்க மாட்டோம். அது அவருக்கு, அவ்ளோதான். சுவத்துல இருக்கறதும் அப்படித்தான் அவருக்கு.

நானா இட்டுக்கட்டி சொல்லல தம்பி, அந்த ரூம்களே இத சொல்லுது. அதே பெண் சிங்கக் கல்லறையில பின்சுவத்துல நட்டநடுவுல ஒரு பெரிய மது ஜாடி வரைஞ்சிருக்கும், மாலை சுத்தி, ரெண்டு பக்கமும் ஒருத்தர் குழலும் ஒருத்தர் யாழும் வாசிக்கறாங்க, அந்த ஜாடிக்கு நேர் கீழ சுவத்த குடைஞ்சு ஒரு மாடம் வெச்சிருக்காங்க. எரிச்ச சாம்பல வெச்ச இடம் அது. அப்ப அந்த விருந்துக்கு நடுவுல யாரு உக்காந்திருக்கா? செத்தவர்தான். ஆடறவங்க, வாசிக்கறவங்க எல்லாரும் அவர சுத்தித்தான் இருக்காங்க, கீழ கடலும் துள்ளுற டால்பினும் அவர சுத்தித்தான். அந்த ரூம்லயே ஆறு தூண் வரைஞ்சிருக்காங்க, நெஜமா கூரைய தாங்கற மாதிரி. கல்ல குடைஞ்ச ரூமுக்கு தூண் எதுக்கு, அது விழவே விழாதே. ஆனா விருந்துக்கு ஒரு பந்தல் வேணும், பந்தலுக்கு தூண் வேணும், அதனால தூண் வெச்சாங்க, பெயிண்ட்ல வெச்சாங்க.

பந்தல்னு சும்மா சொல்லல. பல கல்லறையில கூரைய பாருங்க, கட்டம் கட்டமா செவப்பும் வெள்ளையும் பச்சையுமா, துணி விரிச்ச மாதிரியே இருக்கும், நடுவுல ஒரு உத்தரம். இறுதிச் சடங்கப்போ வெளிய ஒரு கூடாரம் போட்டு அதுல உடல கிடத்தி, விருந்து வெச்சு, ஆட்டம் பாட்டம் நடத்தியிருப்பாங்க, அந்தக் கூடாரத்தத்தான் உள்ள வரைஞ்சு வெச்சாங்கன்னு ஆய்வாளர்கள் பல பேரு சொல்றாங்க, எனக்கும் அதுதான் சரின்னு படுது. வேட்டைக்காரர் கல்லறைன்னு ஒண்ணு, கி.மு. 500 வாக்குல உள்ளது, அதுல சுவர் மொத்தமும் ஒரு கூடாரத்தோட உள்பக்கமாவே வரைஞ்சிருக்கு, கம்பு, கட்டம் போட்ட துணி, தொங்கவிட்ட வேட்டைப் பொருள், கீழ மெல்லிசா ஒரு துணி, அந்தத் துணி வழியா வெளிய இருக்கற நிலம் நிழல் மாதிரி தெரியுது. எனக்கு ரொம்பப் பிடிச்ச கல்லறை அது. மண்ணுக்கு அடியில படுத்திருக்கறவருக்கு வெளியில இருக்கற வெளிச்சத்த மெல்லிசு துணி வழியா காட்டணும்னு ஒரு பெயிண்டருக்கு தோணியிருக்கு பாருங்க!

அப்புறம் செர்வேத்தெரி. அங்க மாத்துனா குடும்பத்தோட கல்லறை ஒண்ணு இருக்கு, கி.மு. 4-ஆம் நூற்றாண்டு, புடைப்புகளோட கல்லறைன்னு சொல்வாங்க. அதுல விருந்து, ஆட்டம் எதுவும் கிடையாது. சுவத்துலயும் தூண்லயும் வீட்டுச் சாமான சுதையில செஞ்சு ஒட்டி, வர்ணம் பூசி வெச்சிருக்காங்க, கத்தி, கயிறு, கரண்டி, கோடாலி, தலகாணி, கட்டிலுக்கு பக்கத்துல ஒரு ஜோடி செருப்பு. படம்னு யாரும் இத சொல்ல மாட்டோம், இது ஒரு வீட்டோட சாமான் பட்டியல். செருப்ப அங்க வெச்சது யாரோ பாத்து ரசிக்கறதுக்காவா? எந்திரிச்சா கால் வெக்கணும்ல, அதுக்கு. இந்த செருப்ப மனசுல வெச்சுகிட்டு திரும்ப தர்க்வீனியா ஓவியங்கள பாத்தா அந்த ஆடற பொண்ணும் அந்த செருப்பு மாதிரித்தான்னு தெரியும், தேவைப்படும்னு வெச்சது.

ஆனா ஒரு விஷயம், யாருமே பாக்கலன்னும் சொல்ல முடியாது. வரைஞ்சவங்க பாத்தாங்க, வரையச் சொன்ன குடும்பம் பாத்துச்சு, அடக்கம் பண்ற அன்னிக்கு வந்தவங்க கொஞ்ச நேரம் பாத்திருப்பாங்க, அதே குடும்பத்துல இன்னொருத்தர் போனா திரும்ப திறந்தப்ப பாத்திருப்பாங்க. அப்புறம் கல்லு வெச்சு மூடிடுவாங்க. அப்படி பாத்தவங்களும் விளக்க வெச்சுகிட்டு, துக்கத்தோட, கொஞ்ச நிமிஷம்தான் பாத்திருக்க முடியும். நீங்க ஏமாந்தேன்னு சொன்னீங்களே அந்த அணையற லைட், அதுதான் அந்த ஓவியங்கள மனுஷங்க எப்பவும் பாத்த விதம்.

வரைஞ்சவங்க பத்தி ஒரு வார்த்த. ஒரு பெயிண்டர் பேரும் நமக்கு வரல. ஆனா கை தெரியும். அந்தக் குன்று மாக்கோன்னு அங்க சொல்ற ஒரு மிருதுவான சுண்ணாம்புக் கல்லு, வெட்ட லேசு. மேல மெல்லிசா ஒரு பூச்சு பூசி, ஈரம் இருக்கறப்பவே வேலைய ஆரம்பிக்கணும். நேர்கோடு வேணும்னா செவப்புச் சாயத்துல நனைச்ச நூல ரெண்டு பக்கமும் இழுத்துப் பிடிச்சு சுண்டி விடுவாங்க, நம்ம தச்சு ஆசாரிங்க நூல் அடிக்கறாங்களே அதே வேலைதான், அந்த நூல் தெறிச்ச கோடு சில கல்லறையில இன்னும் தெரியும். உருவத்த கூரான ஏதோ ஒண்ணால கீறி எடுத்துட்டு அப்புறம் வர்ணம் வெப்பாங்க. செவப்பும் மஞ்சளும் காவி மண்ணு, கறுப்பு கரி, நீலம் மட்டும் மணலும் சுண்ணாம்பும் செம்பும் சேத்து உலையில சுட்டு எடுக்கற எகிப்து நீலம். கீறினது ஒரு இடத்துலயும் வர்ணம் இன்னொரு இடத்துலயும் இருக்கும் சில உருவத்துல, கை ஒரு விரல்கடை நகர்ந்து போயிருக்கும், கிட்டத்துல பாத்தா தெரியும். கீறினப்புறம் மனச மாத்திகிட்டு, இந்தக் கை இன்னும் கொஞ்சம் மேல போனா ஆட்டம் நல்லா வரும்னு நெனச்சிருக்காரு. யாரும் பாக்கப் போறதில்லன்னு தெரிஞ்ச ஒரு வேலையில இப்படித் திருத்தியிருக்காரு. உங்க அம்மா "இத்தன அழகா"ன்னு சொன்னாங்களே, அந்த அழகு இங்கதான் இருக்கு.

இப்ப உங்க ரெண்டாவது கேள்வி, யாரும் அழலங்கறது. இங்க நான் உங்களோட கொஞ்சம் சண்ட போடணும். சந்தோஷமான ஜனங்கன்னு சொல்றது ரொம்ப நாளா ஓடிட்டு இருக்கற கதை, வெயில் காலத்துல டூர் போனவங்க கட்டிவிட்டது, எனக்கு அதுல துளியும் ஒப்புதல் இல்ல. நீங்க ஆகுர்களோட, அதாவது பறவைய பாத்து குறி சொல்ற பூசாரிங்களோட, கல்லறைன்னு பேரு வெச்சத பாத்தீங்களான்னு தெரியல, கி.மு. 530-லேருந்து 520-க்குள்ள வரைஞ்சது, 1878-ல கண்டுபிடிச்சது. பின்சுவத்துல ஒரு பெரிய கதவு வரைஞ்சிருக்கும், ஆணி எல்லாம் அடிச்ச கதவு, மூடின கதவு. ரெண்டு பக்கமும் ரெண்டு ஆம்பளைங்க, ஒரு கைய கதவுப் பக்கம் நீட்டி, இன்னொரு கைய நெத்தியில வெச்சிருக்காங்க. அதுதான் அவங்க ஊர்ல அழறது. கண்ணீர் வரைய மாட்டாங்க, வாய திறந்து கதறற மாதிரி வரைய மாட்டாங்க, நெத்தியில ஒரு கை, அவ்ளோதான். அந்தக் கதவு திறக்காது. திறக்கற மாதிரி வரைய அவங்களுக்கு தெரியாதா என்ன, மூடித்தான் வரைஞ்சாங்க.

இறந்தவர் கல்லறைன்னே ஒண்ணு இருக்கு, கி.மு. 510 வாக்கு. அதுல கட்டில்ல ஒரு தாடி வெச்ச பெரியவர் படுத்திருக்காரு, ஒரு பொண்ணு அவர் மேல குனிஞ்சு தலைப்பக்கம் ஏதோ செய்யறா, போர்வைய இழுத்து விடற மாதிரி. பக்கத்துல ஆம்பளைங்க தலையில கை வெச்சு நிக்கறாங்க. அதே ரூம்லயே இன்னொரு பக்கம் குடிச்சுகிட்டு ஆடறாங்க! ரெண்டும் ஒரே நாள்ல நடக்கறது, ஒரே வீட்டுல நடக்கறது. சாவுக் கட்டில் கல்லறைன்னு இன்னொண்ணு, கி.மு. 460 வாக்கு, பின்சுவத்துல ஒரு பெரிய கட்டில், ரூமையே அடைக்கற மாதிரி, மெத்த எல்லாம் போட்டு, மேல மாலை சுத்தின ரெண்டு கூம்பு மட்டும் இருக்கு, ஆளு யாரும் இல்ல. சுத்தி எல்லாரும் விருந்து சாப்பிடறாங்க, நடுவுல காலியான கட்டில். இத பாத்துட்டு துக்கம் எங்கன்னு கேக்க முடியுமா தம்பி?

விளையாட்டும் அப்படித்தான். மல்யுத்தம், குத்துச்சண்டை, தேர்ப் பந்தயம் எல்லாம் பொழுதுபோக்குன்னு நெனச்சுடாதீங்க. கிரேக்க வரலாற்று ஆசிரியர் ஹெரோடோட்டஸ் ஒரு சம்பவம் எழுதியிருக்காரு. கி.மு. 540 வாக்குல அலாலியா கடல் சண்டைக்கு அப்புறம் இன்னிக்கு செர்வேத்தெரி இருக்கற ஊர்க்காரங்க கிரேக்க கைதிகள கூட்டிட்டு போய் கல்லால அடிச்சு கொன்னுட்டாங்க. அதுக்கப்புறம் அந்த இடத்த தாண்டிப் போற ஆடு, பொதி மாடு, மனுஷன் எதுவா இருந்தாலும் கை கால் கோணி முடமா போச்சாம். பயந்து போய் டெல்பிக்கு ஆள் அனுப்பி குறி கேட்டாங்க. செத்தவங்களுக்கு பெரிய அளவுல சடங்கு செய்யுங்க, விளையாட்டுப் போட்டியும் குதிரைப் பந்தயமும் நடத்துங்கன்னு பதில் வந்துச்சு, தன்னோட காலத்துலயும் அத நடத்திட்டு இருக்காங்கன்னு அவர் எழுதறாரு. அப்ப போட்டிங்கறது என்ன? செத்தவங்களுக்கு உயிரோட இருக்கறவங்க கட்ட வேண்டிய கடன். அதே ஆகுர் கல்லறையில கதவுக்கு வலது பக்கம் ரெண்டு பேரு கட்டிப் பிடிச்சு மல்யுத்தம் பண்றாங்க, நடுவுல பரிசுக்கு மூணு பாத்திரம் அடுக்கி வெச்சிருக்கு. அவங்களுக்கு தள்ளி முகமூடி போட்ட ஒருத்தன் கயித்துல ஒரு நாய புடிச்சிருக்கான், அந்த நாய் தலையில சாக்கு கட்டின இன்னொருத்தன் கால கடிக்குது, ரத்தம் ஓடுது, அவன் கையில ஒரு தடி, கண்ணு தெரியாம எங்க அடிப்பான்? முகமூடிக்காரன் மேல ஃபெர்சுன்னு எழுதியிருக்கு. லத்தீன்ல முகமூடிக்கு சொல்ற பெர்சோனாங்கற வார்த்தையே இதுலேருந்து வந்திருக்கலாம்னு சொல்றாங்க. இந்தச் சுவத்த பாத்தவங்க சந்தோஷமான ஜனங்கன்னு எப்படி எழுதினாங்கன்னு எனக்கு இன்னிக்கும் புரியல.

சந்தோஷம் இல்லன்னும் நான் சொல்லல, இருக்கு. வேட்டையும் மீன்பிடிப்பும்னு பேரு வெச்ச கல்லறையில அந்த உள் ரூம நீங்க கட்டாயம் பாத்திருப்பீங்க, பாறை மேலேருந்து ஒரு பையன் தலைகீழா கடல்ல குதிக்கறான், இன்னொருத்தன் பின்னாடியே ஏறி வர்றான், படகுல இருந்து ஒருத்தர் தூண்டில் நூல விட்டுட்டு குனிஞ்சிருக்காரு, கவண்ல ஒருத்தன் பறவைய குறி வெக்கறான், செவப்பும் நீலமுமா பறவைங்க சுவர் முழுக்க. படகு மூக்குல ஒரு கண்ணு வரைஞ்சிருக்கும். அதுக்கு மேல, கூரைய ஒட்டின முக்கோணச் சுவத்துல கணவனும் மனைவியும் சாஞ்சு படுத்துகிட்டு விருந்து. சிறுத்தைகளோட கல்லறையில, கி.மு. 470 வாக்குல உள்ளது, ஒருத்தர் கையில ஒரு முட்டைய தூக்கி காட்டுவாரு. மறுபிறப்புக்கு அடையாளம்னு சொல்றவங்க இருக்காங்க. அவர் அத பிடிச்சிருக்கற விதம் மட்டும் எனக்கு போதும், ரெண்டு விரல்ல, ஒடஞ்சுடுமோங்கற மாதிரி.

அந்த ஆணும் பெண்ணும் ஒரே கட்டில்ல சாஞ்சு விருந்து சாப்பிடறதுக்காக கிரேக்கர்கள் அவங்கள எவ்ளோ திட்டியிருக்காங்க தெரியுமா? தியோபோம்பஸ்னு கி.மு. 4-ஆம் நூற்றாண்டு வரலாற்று ஆசிரியர் எட்ருஸ்கன் பொண்ணுங்க பத்தி எழுதினத வாய்விட்டு படிக்க முடியாது. கிரேக்க வீட்டுல விருந்துக்கு மனைவி வர மாட்டா, வர்ற பொண்ணுங்க வேற, அதனால அவருக்கு அப்படித்தான் தெரிஞ்சுச்சு. எட்ருஸ்கன் கல்வெட்டுல பொண்ணுக்கு தனிப் பேரு இருக்கும், ராம்தா, லார்த்தி, வெலியான்னு. ரோம்ல பொண்ணுக்கு பொதுவா குடும்பப் பேருதான் பேரு. எட்ருஸ்கன்ல ஒருத்தர் யாரோட பையன்னு சொல்றப்ப அப்பா பேரோட அம்மா பேரையும் எழுதறது உண்டு. இத அம்மாகிட்ட சொல்லுங்க, அவங்களுக்கு பிடிக்கும்.

இங்க ஒரு வருத்தத்தையும் சொல்லிடறேன். இவங்க எழுத்த நாம படிச்சுடலாம், கிரேக்க எழுத்துலேருந்து வந்ததுதான், ஆனா மொழி அரைகுறையாத்தான் புரியுது, உயிரோட இருக்கற எந்த மொழியோடயும் உறவு இல்லாத மொழி அது. பத்தாயிரத்துக்கு மேல கல்வெட்டு இருக்கு, பெரும்பாலும் பேரு, யாரோட மகன், எத்தன வயசுன்னு முடிஞ்சிடும். ரோமப் பேரரசர் கிளாடியஸ் இவங்க வரலாற 20 தொகுதியா எழுதினாரு, ஒரு தொகுதி கூட மிஞ்சல. அதனால இவங்க சாவ பத்தி என்ன நெனச்சாங்கன்னு இவங்க வாயால கேக்க நமக்கு இந்தச் சுவர்கள விட்டா வேற வழி ரொம்பக் குறைவு.

அப்புறம் அந்த பேய் பூதம். ரோம் அடிச்சதாலதான் பயம் வந்துச்சுன்னு சொல்றது கேக்க நல்லா இருக்கும், கி.மு. 396-ல ரோம் வெயீங்கற எட்ருஸ்கன் நகரத்த புடிச்சதும் நிஜம், கி.மு. 4-ஆம் நூற்றாண்டுல கல்லறை ஓவியத்துல றெக்க வெச்ச பூதங்களும் பாம்பு பிடிச்ச பூதங்களும் நெறையா வர்றதும் நிஜம். ஆனா நீல அரக்கர்களோட கல்லறை 1985-ல கிடைச்சப்புறம் அந்தக் கதை அப்படியே நிக்க முடியாம போச்சு. அது கி.மு. 5-ஆம் நூற்றாண்டு முடியற சமயம், அதாவது வெயீ விழறதுக்கு முன்னாடியே வரைஞ்சிருக்க வாய்ப்பு அதிகம். ஒரு சுவத்துல தேர் ஊர்வலம், பின்சுவத்துல பழைய மாதிரியே விருந்து, வலது சுவத்துல பாதாள உலகம், ஒரே ரூம்ல! நீலத் தோலோட ஒருத்தன் கையில பாம்ப புடிச்சு உக்காந்திருக்கான், இன்னும் ரெண்டு பேரு இறந்து போன ஒரு பொண்ண கூட்டிட்டு போறாங்க. பாக்க பயங்கரமாத்தான் இருக்காங்க, ஆனா அந்தப் பொண்ண யாரும் அடிக்கல, இழுக்கல, வழி காட்டறாங்க. ஓர்க்கஸ் கல்லறையில வெலியாங்கற பொண்ணோட முகம் இருக்கு, 1868-ல கிடைச்சது, பக்கவாட்டு முகம், தலையில இலை மாலை, கழுத்துல நகை, உதட்டு ஓரம் லேசா கீழ இறங்கியிருக்கும். அதே கல்லறையில கழுகு மூக்கோட சாருங்கற பாதாள உலகப் பூதம் இருக்கான். பயம் வந்துச்சு, இல்லன்னு சொல்லல. ஆனா பயம் வந்ததுக்காக விருந்த எடுத்துடல, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சாங்க. முன்னாடி தூணும் துணியும் கிண்ணமும் தேவைன்னு வெச்சவங்களுக்கு இப்ப வழித்துணையும் தேவைன்னு தோணியிருக்கு.

இப்ப அந்த கண்ணாடிக் கதவு. உங்க கோபம் எனக்கு புரியுது, எனக்கும் மொதல் தடவ அது வந்துச்சு. ஆனா அந்த ரூமுக்குள்ள காத்து கிட்டத்தட்ட முழு ஈரம், குளிர்ச்சி ஒரே மாதிரி, அந்த நிலையிலதான் அந்தப் பூச்சு 2,500 வருஷம் சுவத்த புடிச்சுகிட்டு இருந்துச்சு. நாம உள்ள போனா நம்ம மூச்சு, உடம்புச் சூடு, திறந்த கதவு வழியா வர்ற வறண்ட காத்து எல்லாம் சேந்து உப்பு வெளிய பூக்கும், பூச்சு உரியும், லைட் ரொம்ப நேரம் எரிஞ்சா பாசி பிடிக்கும். மேல வளர்ற செடியோட வேர் வேற கூரைய பொத்துகிட்டு வரும். 19-ஆம் நூற்றாண்டுல கண்டுபிடிச்சு, திறந்து போட்டு, சுத்திக் காட்டினதுல எவ்ளோ போச்சுன்னு தெரியுமா? 1830-கள்ல கார்லோ ருஸ்பிங்கற ஓவியர் கல்லறைக்குள்ள உக்காந்து சுவத்து மேலேயே தாள வெச்சு பிரதி எடுத்தாரு, இன்னிக்கு சில உருவத்த சுவத்துல விட அவரோட பிரதியிலதான் தெளிவா பாக்க முடியும். அதனாலதான் 1949-ல ட்ரிக்ளினியோ கல்லறை ஓவியங்கள துணி ஒட்டி சுவத்துலேருந்து உரிச்சு எடுத்து ஊருக்குள்ள வித்தெலெஸ்கி மாளிகை மியூசியத்துல ரூம் மாதிரியே கட்டி வெச்சாங்க. அந்த ஆட்டக்காரங்கள அங்க நிதானமா, கண்ணாடி இல்லாம, எவ்ளோ நேரம் வேணும்னாலும் பாக்கலாம். நான் ஒரு மணி நேரம் இருந்தேன், கி.மு. 470 வாக்குல உள்ள அந்த துணி மடிப்பு, அந்த விரல், சொல்லி முடியாது. உரிச்சது சரியா தப்பான்னு கேட்டா, உரிக்கலன்னா போயிருக்கும், அதனால சரின்னுதான் சொல்வேன். ஆனா குன்றுல அந்தக் கல்லறை இப்ப வெறும் கல்லு. உள்ள வெச்சத நாம எடுத்துட்டோம்.

உங்க மிலன் ஊர் சம்பந்தமும் இதுல இருக்கு. 1950-கள்ல கார்லோ லெரிசிங்கற எஞ்சினியர், மிலன் பாலிடெக்னிக்கோட சேந்து வேலை பாத்த அறக்கட்டளை அவரோடது, மண்ணுக்கு மேல நின்னே கீழ குழி இருக்கான்னு மின்சாரத்த செலுத்தி கண்டுபிடிக்கற முறைய இங்க கொண்டு வந்தாரு. குழி இருந்தா கூரையில சின்னதா ஒரு துளை போட்டு, பெரிஸ்கோப்ல கேமராவ கட்டி உள்ள விட்டு, சுத்திப் படம் எடுப்பாங்க. உள்ள ஓவியம் இருந்தா மட்டும் தோண்டினா போதும். அப்படித்தான் 1958-ல ஒரு கல்லறையில ஓட்டக்காரங்களும் வட்டு எறியறவரும் தேரும் கிடைச்சுச்சு, ரெண்டு வருஷத்துல ரோம்ல ஒலிம்பிக்ஸ் நடக்க இருந்ததால ஒலிம்பிக் கல்லறைன்னே பேரு வெச்சுட்டாங்க. பெரும்பாலான கல்லறைய திருடங்க ஏற்கெனவே காலி பண்ணியிருந்தாங்க, ஜாடி, நகை எல்லாம் போயிருக்கும், சுவர் மட்டும் தூக்கிட்டு போக முடியாததால மிஞ்சியிருக்கும். உள்ள வெச்ச பொருள்கள்ல திருட முடியாத ஒரே பொருள் அதுதான்.

அதனால அடுத்த தடவ போனா மொதல்ல மியூசியத்துக்கு போங்க, அங்க கண்ணு நெறைய பாத்துட்டு அப்புறம் குன்றுக்கு வாங்க. கூட்டம் இல்லாத நேரமா பாத்து இறங்குங்க, பட்டன ஒரே ஒரு தடவ அமுக்குங்க, அது அணைஞ்சப்புறமும் கொஞ்ச நேரம் அங்கேயே நில்லுங்க.

அம்மாகிட்ட இன்னொண்ணு மட்டும் சொல்லுங்க. அந்த நீல அரக்கர் சுவத்துல, பாம்பு பிடிச்சவன எல்லாம் தாண்டி அந்தப் பொண்ணு போற வழியில, அந்தக் கடைசியில ஒரு படகு நிக்குது, படகுக்காரன் துடுப்போட இருக்கான். இந்தப் பக்கம் கரையில ரெண்டு பேரு அவளுக்காக காத்துட்டு நிக்கறாங்க. அவளுக்கு முன்னாடியே போயிட்ட அவ வீட்டு ஆளுங்கன்னு சொல்றாங்க. ஒண்ணு ஒரு பொண்ணு. இன்னொண்ணு சின்னப் பையன்.

அன்புடன்,
அக்கா